சாலை விபத்தில் உயிரிழப்பும் காயமும்: இழப்பீடு கோருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் ஒருவரை இழந்த குடும்பத்தினரும், காயமடைந்து வேலைக்குத் திரும்ப முடியாதவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு இங்கே விடை தரப்படுகிறது. இவ்வகை வழக்குகள் தீர்ப்பு நாளில் முடிவாவதைவிட, விபத்து நடந்த முதல் பத்து நாட்களில் உருவாகும் காகிதங்களால் முடிவாவதே அதிகம். ஆகவே அந்தக் காகிதங்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

வழக்கு யார்மீது தொடரப்படுகிறது? பணத்தைத் தருவது யார்?

விபத்துக்குக் காரணமான வாகனத்தின் ஓட்டுநர், உரிமையாளர், அதன் காப்பீட்டு நிறுவனம் ஆகியோர் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுகின்றனர். ஓட்டுநரின் கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் பொறுப்பு உரிமையாளருக்குச் சேரும். மூன்றாம் நபர் காப்பீடு (வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது) நடப்பில் இருந்தால் தொகையைச் செலுத்த வேண்டியது காப்பீட்டு நிறுவனமே. ‘பாவம், அந்த டிரைவரும் குடும்பஸ்தர்தானே’ என்று தயங்கி வழக்குப் போடாமல் விட்டவர்கள் உண்டு. அந்த இரக்கத்தால் பெரும்பாலும் பயனடைவது ஓட்டுநர் அல்லர், காப்பீட்டு நிறுவனம்தான். எதிர் வாகனத்தின் காப்பீடு நடப்பில் இருந்ததா என்பதைப் பதிவு எண்ணைக் கொண்டு எம்-பரிவாகன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

விபத்து நடந்தவுடன் நாங்கள் கவனிக்க வேண்டியவை யாவை?

முதலாவது சிகிச்சை. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிடப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். மத்திய அரசு 2025-இல் அறிவித்த திட்டத்தில், ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டுப் பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி உண்டு.

இரண்டாவது, அவசரப் பிரிவில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு. மருத்துவமனை வட்டாரத்தில் இதை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவரிடம் பணி மருத்துவர் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கிறார். பதற்றத்தில் அவர் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொல்ல, மருத்துவரும் அதையே ஒரு வரியில் எழுதிவிடுகிறார். லாரி இடித்ததால்தான் விழுந்தார் என்பது அந்த வரியில் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த ஒற்றை வரியைப் பெரிதாக்கிக் காட்டி, ‘மோதிய வாகனம் என்று எதுவுமே இல்லை, பின்னால் ஜோடிக்கப்பட்ட வழக்கு இது’ என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். எனவே எந்த வகை வாகனம், எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு மோதியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வாகன எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, முதல் தகவல் அறிக்கை. புகார் அளித்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இதன் நகலைக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும். உயிரிழப்பு எனில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவும், வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதற்கு 281-ஆம் பிரிவும் பொதுவாகச் சேர்க்கப்படும். புகார் ஓரிரு நாள் தாமதமானதால் மட்டும் இழப்பீட்டு மனு தோற்காது. அடிபட்டவரைக் காப்பாற்ற ஓடும் குடும்பம் முதலில் காவல் நிலையம் போகாது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. தாமதத்துக்கு விளக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு சேர்ந்துவரும் ஆவணங்கள்: விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதும் பார்வை மகஜர், அவ்விடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை. குடும்பத்தினர் தாமே வாங்க வேண்டியவை இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வாரிசுச் சான்றிதழும். மருந்துக் கடை ரசீதையும் ஆட்டோவுக்குக் கொடுத்த தொகையையும்கூட ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வெயிலில் எழுத்து மங்கிப்போகும் வெப்பத்தாள் ரசீதுகளை உடனே நகல் எடுத்துவிடுவது நல்லது.

மனு தாக்கல் செய்யக் காலக்கெடு உண்டா?

உண்டு. 1994-க்குப் பிறகு நெடுங்காலம் காலக்கெடு இல்லாமல்தான் இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று 166(3) பிரிவு கூறுகிறது. இந்தப் பிரிவின் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கடந்துவிட்டது என்பதற்காகக் கைவிட்டுவிடாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். கடக்கவில்லை எனில், அந்த வழக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம் போன்றவையும் தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். திண்டிவனம் அருகே நடந்த விபத்துக்காகத் தென்காசியில் இருப்பவர் அங்கும் இங்கும் அலைய வேண்டியதில்லை. உங்கள் மனுவுக்கு எம்.சி.ஓ.பி. எண் ஒன்று தரப்படும். பின்னாளில் எல்லா விசாரணைக்கும் அந்த எண்தான் கேட்கப்படும்.

காவல் துறையே தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்புமாமே?

ஆம். 2022-இல் வந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கையை 50 நாட்களிலும், விரிவான அறிக்கையை 90 நாட்களிலும் தீர்ப்பாயத்தில் தர வேண்டும். இதைக் கண்டிப்புடன் பின்பற்ற வேண்டும் என்று கோகர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. எழுத்தில் அழகான ஏற்பாடுதான். ஆனாலும் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், மேலே சொன்ன ஆவணங்களை நீங்களும் திரட்டிக்கொண்டு தனியே மனு தாக்கல் செய்வதே பாதுகாப்பு.

உயிரிழப்புக்கான தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

இதில் மர்மம் ஏதுமில்லை. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய இரண்டு தீர்ப்புகள் வகுத்த கணக்கை எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.

ஓர் உதாரணம்: 38 வயதுக் கொத்தனார் ஒருவர் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரைச் சார்ந்திருந்தனர். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. அவர் 40 வயதுக்குக் குறைந்தவர், சுயதொழில் அல்லது நிலையான கூலிக்காரர் வகை; எனவே எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். இப்போது 25,200. அவர் தமக்காகச் செலவிட்டிருக்கக்கூடிய பங்காக நான்கில் ஒரு பகுதியைக் கழித்தால் 18,900. ஆண்டுக்கு 2,26,800. இதை வயதுக்கேற்ப வகுத்த ஓர் எண்ணால் பெருக்க வேண்டும்; 36 முதல் 40 வயது வரைக்குரிய அந்தப் பெருக்கு எண் 15. ஆக, 34,02,000 ரூபாய்.

இதோடு துணையிழப்புக்கு (உறவின் அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கு) ஒவ்வொருவருக்கும் 40,000, சொத்திழப்புக்கு (இறந்தவர் சேர்த்து வைத்திருக்கக்கூடியதன் இழப்புக்கு) 15,000, ஈமச்சடங்குக்கு 15,000 என்ற தொகைகள் சேரும். இவை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர வேண்டும் என்பதால், 2023 இறுதிக்குப் பின் சுமார் 48,000, 18,000, 18,000 என்று ஆகின்றன. துணையிழப்பு மனைவிக்கு மட்டுமன்று, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மொத்தம் சுமார் 36,30,000 ரூபாய். அதற்கு மேல் மனு தாக்கல் செய்த நாள் முதல் வட்டி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டி வழங்கப்படுகிறது.

மற்றவர்களுக்கு எண்கள் மட்டும் மாறும். நிரந்தர வேலையில் இருந்தவருக்கு 40 வயது வரை 50, 50 வயது வரை 30, 60 வயது வரை 15 சதவீதம் கூட்டப்படும். சுயதொழிலாளருக்கு முறையே 40, 25, 10. தனிச்செலவுக் கழிவு, சார்ந்தோர் இரண்டு மூன்று பேர் எனில் மூன்றில் ஒன்று, நான்கு முதல் ஆறு எனில் நான்கில் ஒன்று, அதற்கு மேல் ஐந்தில் ஒன்று. மணமாகாதவர் எனில் பாதி. பெருக்கு எண் 15 முதல் 25 வயது வரை 18 ஆகத் தொடங்கி, 65-ஐக் கடந்தவர்களுக்கு 5 வரை இறங்குகிறது. மணமாகாத இளைஞர் இறந்தால் பெற்றோரின் வயதை வைத்துப் பெருக்கு எண்ணைக் குறைக்க முற்படுவார்கள். அது தவறு, இறந்தவரின் வயதே கணக்கு.

வருமானத்துக்குச் சான்றே இல்லை. என்ன செய்வது?

மேற்கண்ட கணக்கில் மற்ற எல்லாமே அட்டவணையில் உள்ளவை. வாதாட இடமிருப்பது வருமானத்தில்தான். மாதம் ஆயிரம் ரூபாய் குறைந்தால், அந்தக் கொத்தனாரின் குடும்பத்துக்கு இறுதியில் 1,89,000 ரூபாய் குறைகிறது. ஆகவே சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வங்கிக் கணக்கு வரவுகள், ஜிபே பரிவர்த்தனைகள், நலவாரிய அடையாள அட்டை, மேஸ்திரியின் கூலிப் பேரேடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது என்று கிடைப்பதையெல்லாம் திரட்ட வேண்டும். வேலை கொடுத்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது, அவரிடமிருந்து வாங்கிய கடிதத்தைவிடப் பன்மடங்கு வலுவானது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் மனு தள்ளுபடியாகாது. தீர்ப்பாயம் உத்தேச வருமானம் ஒன்றை நிர்ணயிக்கும்.

இல்லத்தரசி இறந்தாலும் இப்படித்தான். சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் வயதானவர்களைக் கவனிப்பதும் பொருளாதார மதிப்புள்ள உழைப்பு என்பதால் உத்தேச வருமானமும், அதன்மீது எதிர்கால உயர்வும் தர வேண்டும் என 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘வீட்டில்தானே இருந்தார்’ என்று குடும்பத்தாரே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

உயிர் பிழைத்தவருக்குக் கணக்கு எப்படி?

மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, வலி வேதனை, எதிர்காலச் சிகிச்சை எனப் பல தலைப்புகள் உண்டு. பெரிய தொகை நிரந்தர ஊனத்தால் ஏற்படும் வருமான இழப்பில்தான் இருக்கிறது. மருத்துவக் குழு ஒரு காலுக்கு 40 சதவீத ஊனம் என்று சான்றளித்தால், அது அப்படியே 40 சதவீத வருமான இழப்பு ஆகிவிடாது. அவர் செய்துவந்த தொழிலை அந்த ஊனம் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம். இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பை முழுவதுமாக இழக்கக்கூடும். அதே இழப்பை அடைந்த அரசு அலுவலக எழுத்தரின் வேலை தொடரக்கூடும். சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கித் தருவதும் வழக்கத்தில் இருக்கிறது. தொழிலையே இழந்தவர்களுக்கு அது போதாது. பெருக்கு எண் முறையில் கணக்கிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே கோருங்கள். தம்முடைய வேலை என்ன, அதில் எந்த அசைவு இப்போது இயலவில்லை என்பதை மனுதாரர் தம் சாட்சியத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மகன் இறந்தபின் மருமகள் மட்டும் மனுப் போட்டிருக்கிறார். பெற்றோருக்குப் பங்கு இல்லையா?

தாய்க்கும் பங்கு உண்டு. சார்ந்திருந்தால் தந்தைக்கும் உண்டு. வாரிசுகள் அனைவரின் நன்மைக்காகவும் ஒரே மனுதான் இருக்க வேண்டும். மனுதாரராகச் சேராதவரை எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சட்டமே சொல்கிறது. பெற்றோர் அந்த மனுவில் தம்மைச் சேர்க்கும்படி விண்ணப்பிக்கலாம். துக்கம் ஆறும் முன்பே இரு வீட்டாரும் இரு ஊர்களில் தனித்தனி மனுப் போட்டுவிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. மனுக்களை ஒரே நீதிமன்றத்தில் சேர்ப்பதற்குள் காலம்தான் வீணாகும். மணமான மகளும் வாரிசு என்ற முறையில் மனு தாக்கல் செய்யலாம்.

ஹெல்மெட் போடவில்லை; வண்டியில் மூன்று பேர் போனார்கள். இழப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும், குறையலாம். மூவர் சென்றது விதிமீறல்தான். ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமானால் மட்டுமே தொகையைக் குறைக்க முடியும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கால் எலும்பு முறிந்தவருக்கு ஹெல்மெட் இல்லை என்று கழிப்பதில் பொருளில்லை. தலைக்காயம் எனில் கழிவை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநரிடம் உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கிறது.

பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றே இத்தகைய வழக்குகளில் பொதுவாக உத்தரவிடப்படுகிறது. 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சுவரண் சிங் வழக்கு முதல் இந்த வழி நிலைபெற்றிருக்கிறது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்ததால், பழைய எதிர்வாதம் ஒன்றும் அடிபட்டுப்போனது.

உண்மையிலேயே சிக்கலானவை வேறு இரண்டு. கோயிலுக்கோ துக்க வீட்டுக்கோ மினி லாரியில் ஏறிச் சென்றவர்கள், சரக்கு வாகனத்தில் இலவசப் பயணிகள் என்பதால் காப்பீட்டுக்குள் வருவதில்லை. அதேபோல், வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே உள்ள இருசக்கர வாகனம் தானே சறுக்கி விழுந்தால், பின்னால் அமர்ந்திருந்தவருக்கு அந்தக் காப்பீடு உதவாது. முழுமைக் காப்பீடாக இருந்தால் உதவும். இந்த இரு நிலைகளிலும் பாலிசி நகலை வரவழைத்துப் பார்க்காமல் எந்த உறுதியும் சொல்ல முடியாது.

அவருடைய வண்டிதான், அவருடைய தவறுதான். ஏதேனும் உண்டா?

தன் தவறுக்குத் தன்மீதே வழக்குத் தொடர முடியாது. ஆனால் உரிமையாளர் தாமே ஓட்டிச் சென்று இறந்தால் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் ரூபாய் கிடைக்கும். முன்பு இருசக்கர வாகனத்துக்கு ஒரு லட்சமும் மற்ற வாகனங்களுக்கு இரண்டு லட்சமுமாக இருந்த இத்தொகை, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2018-இல் உயர்த்தப்பட்டது. பாலிசியில் அதற்குப் பிரீமியம் கட்டியிருக்கிறாரா, அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்ததா என்பவை பார்க்கப்படும். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சமென்று இதை நீக்கச் சொல்பவர்களைப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டது. எண்ணும் தெரியாது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் கிடைக்கும். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் அளிப்பவர் மாவட்ட ஆட்சியர். ஒரு மாதத்துக்குள் வாகனம் கண்டுபிடிக்கப்படாவிட்டால் இத்திட்டத்தைப் பற்றிக் காவல் நிலையமே குடும்பத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது.

‘5 லட்சம் வாங்கிக்கொள்ளுங்கள், வழக்கே வேண்டாம்’ என்கிறார்களே?

நிதானியுங்கள். 164-ஆம் பிரிவின்படி யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறலாம். ஆனால் அதைச் சமரச நடைமுறையில் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். மேலே கண்ட கொத்தனாரின் குடும்பத்துக்கு அது 31 லட்சத்துக்கு மேல் இழப்பு. தவறை நிரூபிக்கச் சாட்சியே இல்லாத வழக்குக்கே இது பொருந்தும்.

அரசுப் பேருந்து மோதினால்?

அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்குப் பொதுவாகத் தனியே காப்பீடு இருப்பதில்லை. கழகமே தொகையைத் தர வேண்டும். தீர்ப்பு வந்த பின்னும் பணம் வராதபோது குடும்பத்தினர் நிறைவேற்று மனு தாக்கல் செய்வார்கள். நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து, புறப்படத் தயாராக நிற்கும் பேருந்தில் ஜப்தி நோட்டீஸை ஒட்டுவார். பயணிகள் மூட்டை முடிச்சுடன் இறங்கி அடுத்த வண்டியைத் தேடுவார்கள். பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குப் போய் நிற்கும். பெரும்பாலும் அதன் பிறகே பணம் கட்டப்படும். இப்படி ஒரு நிலை வரக் கூடாது என்பது வேறு விஷயம். வழி அதுதான் எனில் நிறைவேற்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்.ஐ.சி. பணமும் குடும்ப ஓய்வூதியமும் வருகின்றன. அவற்றைக் கழிப்பார்களா?

கழிக்கக் கூடாது. அவை இறந்தவர் தம் சம்பாத்தியத்தாலும் பணியாலும் ஈட்டியவை. கருணை அடிப்படையிலான வேலையைக் காட்டியும் கழிக்க முடியாது.

குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார். எங்கள் மனு?

பாதிக்கப்படாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாமா?

கணக்கைப் போட்டுப் பார்த்தபின் பேசலாம். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. உடனே பணம் கைக்கு வருவதற்காக ஓரளவு விட்டுக்கொடுப்பது நியாயமே. எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்திடுவதுதான் தவறு.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு என்ன செய்வது?

கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. இருந்தும், பிணவறை வாசலிலேயே வந்து ஆறுதல் சொல்லிக் கையெழுத்து வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். வெற்றுத்தாளிலோ நிரப்பாத வக்காலத்திலோ கையெழுத்திடாதீர்கள். வங்கிப் புத்தகத்தையும் காசோலைகளையும் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரைத் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. கணவரை இழந்த எந்தப் பெண்ணும் இதைக் கேட்டுப் பெறலாம்.

தீர்ப்பு வந்ததும் பணம் முழுவதும் கைக்கு வருமா?

காப்பீட்டு நிறுவனம் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ மேல்முறையீடு செய்யக்கூடும். தொகை போதவில்லை எனில் அதே காலத்துக்குள் நீங்களும் செய்யலாம். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும், டெபாசிட் செய்யப்பட்ட தொகையில் ஒரு பகுதியை எடுக்க நீதிமன்றம் பெரும்பாலும் அனுமதிக்கும். மைனர் பிள்ளைகளின் பங்கு 18 வயது நிறையும் வரை தேசிய வங்கி ஒன்றில் நிரந்தர வைப்பாக இருக்கும். அதன் வட்டியைத் தாயோ காப்பாளரோ பெற்றுக்கொள்ளலாம். படிப்புக்கோ சிகிச்சைக்கோ முன்கூட்டியே தேவைப்பட்டால், கல்லூரிக் கட்டண விவரத்தையோ மருத்துவமனை மதிப்பீட்டையோ இணைத்து அதே தீர்ப்பாயத்தில் மனுச் செய்து எடுக்கலாம். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் வயதுச் சான்றையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் வைத்து மேஜர் ஆனதாக அறிவிக்கும் மனுவைப் போட வேண்டும். அதுவரை அந்த எம்.சி.ஓ.பி. எண்ணையும் வைப்புத் தொகை ரசீதின் நகலையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.